மகன் இருக்கும் தீவு

கல்கத்தாவின் பவானிபூரில் டிராவல் ஏஜென்சி வைத்திருக்கும் வங்காளி இளைஞர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வயதுக்காரர்கள் அவரிடம் கேதார்நாத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும்தான் டிக்கெட் கேட்பார்களாம்.

"கரீபியன் க்ரூஸா? பலே! செகண்ட் ஹனிமூனா, மாஷிமா?" என்று என்னைச் சித்தி முறை வைத்துக் கேட்டார்.

நான் புன்னகை செய்ய முயன்றேன். அவர் கணினியில் ஒவ்வொரு கப்பலாகக் காட்டினார். நீச்சல் குளங்கள், நாடக அரங்கம், பெரிய பெரிய தீவுகள். என் கணவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வரைபடத்தில் ஒரு சின்னத் தீவின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஊர்ல நிக்கிற கப்பல்தான் வேணும்."

"அங்கே பார்க்க ஒண்ணும் இல்லையே, மேஷோமோஷாய். ஒரு பகல்தான் நிக்கும். அதே கட்டணத்துல இதைவிட நல்ல ரூட் இருக்கு."

"அந்த ஒரு பகல் போதும்" என்றார் என் கணவர்.

எங்கள் ஒரே மகன் அந்தத் தீவில் இருக்கிறான். மண்ணுக்கு அடியில் இருக்கிறான். அதை அந்த இளைஞரிடம் எப்படிச் சொல்வது?

என் கணவரின் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. கணவர் அரசு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றார். பெஹாலாவில் எங்கள் ஃப்ளாட்டில் மகனுக்குத் தமிழ் எங்கள் இருவரோடு மட்டும்தான். மற்றபடி சிரிப்பு, சண்டை, கனவு எல்லாமே வங்க மொழியில். பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வேகத்தில் என்னிடமும் "மா, ஆஜ் கி ரான்னா?" என்று கேட்பான். இன்று என்ன சமையல் என்று. எது சொன்னாலும் கடைசியில் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் வேண்டும் அவனுக்கு. வறுவலை அவன் கடைசிவரை 'ஆலு பாஜா' என்றுதான் சொன்னான்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை விரித்துவைக்கும் வேலை. துவாலைகளை மடித்து யானை, குரங்கு, அன்னம் என்று செய்து கட்டிலின் மேல் உட்கார வைப்பான். அவற்றின் படங்களை எனக்கு அனுப்புவான். "அம்மா, இந்த யானைக்குத் தும்பிக்கை சரியா வந்திருக்கா?" என்று கேட்பான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது எங்கள் வீட்டுப் பழைய துண்டில் ஒரு முயல் செய்து அப்பாவின் தலையணையில் வைத்தான். அவர், "துண்டைக் கசக்காதடா" என்று சொன்னாரே தவிர, இரண்டு நாள் அந்தத் துண்டைத் தொடவில்லை.

கொரோனா வந்தபோது பயணிகளையெல்லாம் இறக்கிவிட்டு, வேலைக்காரர்களோடு மட்டும் கப்பல்கள் கடலில் நின்றன. எந்த ஊரும் உள்ளே விடவில்லை. அவன் தினமும் பேசினான். காய்ச்சல் என்றான். பிறகு பேசும்போது மூச்சு வாங்கியது. அந்தச் சின்னத் தீவு மட்டும் மனம் இரங்கி, அவனைக் கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டது. நாங்கள் பெஹாலாவில் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விமானம் இல்லை, ரயில் இல்லை. தெருமுனைக்குப் போகவே போலீஸ் விடாத நாட்கள்.

பல இரவுகள் தூங்காமல் இருந்து ஒரு நாள் விடியும் நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. என் கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொன்னார். அவன் போய்விட்டான். அங்கே எரிக்க வசதி இல்லை, உடலை வைத்திருக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. புதைக்கச் சம்மதம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாரையும் புதைத்ததில்லை. தர்ப்பையில் உருவம் செய்து சடங்கு முடித்தோம். ஆனால் அவன் அங்கே தனியாக, தெரியாத மண்ணில் கிடக்கிறான் என்ற நினைப்பு என் நெஞ்சில் முள்ளாக நின்றது. என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற நினைப்பு அதன் பக்கத்திலேயே நின்றது. இரண்டாவதை நான் அவரிடம் சொல்லவில்லை. வருடங்கள் ஓடின. சமைத்தேன், சாப்பிட்டோம், டாக்டரிடம் போனோம், துர்கா பூஜைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனால் போனோம். அந்த ஒரு கேள்வி மட்டும் எங்கள் நடுவில் இருந்தது.

அமெரிக்காவில் கப்பல் ஏறினோம். சுற்றிலும் சிரிப்பும் பாட்டும். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். முதல் நாள் மாலை அறைக்குத் திரும்பியபோது கட்டிலின் மேல் ஒரு துவாலை யானை உட்கார்ந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் கணவர் அதைக் கலைக்காமல் இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தார். அந்தப் பயணம் முடியும்வரை ஒன்றையும் பிரிக்கவில்லை. மேசை முழுவதும் மிருகங்கள் நின்றன.

தீவில் கப்பல் நின்ற அன்று காலையில் எல்லோரும் தொப்பியும் கண்ணாடியுமாகக் கிளம்பினார்கள். கடற்கரைக்கு ஒரு கூட்டம், எரிமலை பார்க்க ஒரு கூட்டம். ஆசியப் பயணிகளுக்காகக் காலையிலேயே சோறு வைத்திருந்தார்கள். நான் ஒரு காகிதக் கோப்பையில் கொஞ்சம் எடுத்து, தயிர் ஊற்றி, உப்பு போட்டுப் பிசைந்தேன். கப்பலிலிருந்து உணவு எதையும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இறங்கும் இடத்தில் நின்ற காவலாளி பையைத் திறக்கச் சொல்வாரோ என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் "என்ஜாய் யுவர் டே" என்று மட்டும் சொன்னார்.

துறைமுக வாசலில் டாக்ஸிக்காரர்கள் கடற்கரைப் படங்களைப் பிடித்துக்கொண்டு கூவினார்கள். ஓரமாக, என்னைவிடக் கொஞ்சம் இளையவளாக ஒரு பெண் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளிடம் போனோம்.

"எந்த பீச், டாடி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த ஊரில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள் போலிருக்கிறது.

"பொதுக் கல்லறைத் தோட்டம்" என்றார் என் கணவர்.

அவள் எங்களைப் பார்த்தாள். "அங்கே யார் இருக்கிறார்?"

"எங்கள் பையன்."

அவள் பின்கதவைத் திறந்துவிட்டு, வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தாள்.

மலைச் சரிவில் இருந்தது அந்த இடம். கீழே கடல். எங்கள் கப்பல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கல்லறைத் தோட்டத்துக் காவலாளியிடம் மகனின் பெயரைச் சொன்னோம். அவருக்கு விளங்கவில்லை. "கப்பலிலிருந்து வந்த இந்தியப் பையன்" என்று டாக்ஸிப் பெண் சொன்னதும் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

புல் வளர்ந்த ஒரு மேடு. தலைமாட்டில் வெள்ளையடித்த மரச் சிலுவை. அதில் கறுப்பு மையில் என் மகனின் பெயர். மேட்டைச் சுற்றிலும் பெரிய பெரிய சங்குகளைப் பதித்திருந்தார்கள். சங்கைப் பார்த்ததும், இவன் இந்து என்று தெரிந்து யாரோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டேன்.

"எல்லோருக்கும் வைப்போம், மம்மி. எங்கள் ஊர் வழக்கம்" என்றாள் அவள். சுற்றிப் பார்த்தேன். எல்லா மேடுகளிலும் சங்கு இருந்தது. ஏனோ அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவனைத் தனியாக ஒதுக்கி வைக்கவில்லை.

என் கணவர் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஸ்பெல்லிங் தப்பு" என்றார்.

ஆமாம். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த எழுத்தை நடுவில் நுழைத்து எழுதப் பார்த்தார். பெயிண்ட் அடித்த மரத்தில் பேனா வழுக்கியது. மறுபடி எழுதினார். மறுபடி வழுக்கியது. அழுத்தி அழுத்திக் கீறினார். டாக்ஸிப் பெண் வண்டிக்கு ஓடிப்போய் ஒரு சின்னப் புட்டியோடு வந்தாள். சிவப்பு நகப்பூச்சு. அவர் அதைத் திறந்து, அந்தச் சின்னத் தூரிகையால், செக்கில் கையெழுத்துப் போடும் கவனத்தோடு எழுதி முடித்தார். கறுப்பு எழுத்துகளுக்கு நடுவில் ஒரு சிவப்பு எழுத்து. ஈரம் காயும்வரை வாயால் ஊதினார்.

அவளும் காவலாளியும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். நான் காகிதக் கோப்பையைத் திறந்து, மேட்டின் மேல் சோற்றை வைத்தேன். வறுவல் இல்லை. அதற்காகத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் அவனுக்கு வறுவல் இல்லாமல் வைக்கிறேனே என்று.

அவர் கல்கத்தாவிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்திருந்த கங்கைத் தண்ணீரைத் தெளித்தார். "அவன் எனக்குச் செய்ய வேண்டியது இது" என்று மட்டும் சொன்னார். அவர் அழவில்லை.

அங்கேதான் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காததை, அந்தப் புல்லில் உட்கார்ந்து கேட்டேன்.

"என்னங்க, அன்னிக்கு என்னை ஏன் எழுப்பலை? நான் அவன் அம்மா இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எழுப்பத்தான் வந்தேன்" என்றார். "போன்ல அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. வேற வழியே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. உன்னை எழுப்பினா, நீயும் கடைசில சரின்னுதான் சொல்லணும். புதைச்சிடுங்கன்னு நீ உன் வாயால சொல்லணும். அப்புறம் ஆயுசு பூரா அது உன் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். அது நான் சொன்னதா இருக்கட்டும்னு நினைச்சேன். என் மேல கோபப்பட்டா நீ தாங்கிடுவ. உன் மேலயே கோபப்பட்டா தாங்க மாட்ட."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அவர் தோளில் சாய்ந்துகொள்ள எனக்கு வரவில்லை. கோபம் கரைந்ததா என்றால், முழுவதும் இல்லை. ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள இனி இடம் இல்லை என்று தெரிந்தது. வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். எறும்புகள் சோற்றுக்கு வந்தன. "யாராவது சாப்பிட்டா சரி" என்றார் அவர்.

கிளம்பும்போது ஒரு பிடி மண் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வேண்டாம். அவனைப் பாதி இங்க, பாதி அங்கன்னு பண்ண வேண்டாம்" என்றார். சரி என்று எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. டாக்ஸிப் பெண் கைகொடுத்துத் தூக்கினாள். துறைமுகத்தில் இறங்கியபோது என்னைக் கட்டிக்கொண்டு, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்காரும் அமெரிக்கத் தம்பதி, வெயிலில் சிவந்த முகத்தோடு, எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டார்கள்.

"ஒரு மலைக்குப் போனோம்" என்றார் என் கணவர். "அங்கிருந்து கடல் நன்றாகத் தெரிகிறது."

"அடடா, எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே!" என்றாள் அந்த அம்மாள்.

கப்பல் கிளம்பி வெகுநேரம் ஆகியிருந்தது. ஜன்னலில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. விட்டுவிட்டு வருகிறோம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. மகன் செத்த செய்தி வந்த நாளில்கூட நான் அவனை விட்டுவிட்டதாக நினைக்கவில்லை. அப்போது அவன் எங்கோ இருந்தான். இப்போது அவன் இருக்கும் இடம் தெரியும். அங்கிருந்து நானே எழுந்து வந்திருக்கிறேன்.

கல்கத்தாவுக்குத் திரும்பினோம். வழக்கமான வாழ்க்கை. அவர் காலையில் மீன் மார்க்கெட் ஓரமாக நடந்துவிட்டுக் காய்கறி வாங்கி வருவார். நான் சில சமயம் அவரிடம் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அவர் எழுந்து போய்விடுவார். இப்போது இருந்து கேட்டார். சில சமயம் அவரே ஒன்று சொன்னார்.

காளி பூஜை வந்தது. பெஹாலா முழுக்கப் பட்டாசு. மறுநாள் காலையில் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. அந்த டாக்ஸிப் பெண் அனுப்பியிருந்தாள். அவர்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் இறந்தவர்களுக்காகக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். மலைச் சரிவு முழுவதும் விளக்குகள். அடுத்த படத்தில் எங்கள் மகனின் மேடு. புல்லைச் செதுக்கியிருந்தாள். சங்குகளுக்கு நடுவில் நான்கைந்து மெழுகுவர்த்திகள். 'என் அம்மாவுக்கு ஏற்ற வந்தேன், இவனுக்கும் ஏற்றினேன்' என்று எழுதியிருந்தாள்.

படத்தை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மலை மேலே காத்து அடிக்குமே. அணையலையாமா? கேளு" என்றார்.

எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்தது. அங்கே அப்போது இரவு. அணைந்தது, மறுபடி ஏற்றினேன், கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன் என்று எழுதியிருந்தாள். அதை அவருக்குப் படித்துச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். போனைக் கவனமாக மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகன் போனபிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்தேன். கீழே தெருவில் முந்தின நாள் வெடித்த பட்டாசுக் காகிதங்களை யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள்.