நட்சத்திரம் கேட்காத கோயில்

அம்மாவின் மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. திண்டிவனத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மெட்ராசுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இன்னொரு நாளைப் பற்றித்தான் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற பருவம் என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் கொல்லையில் ஆட்களை விட்டுவிட்டு அப்பா எங்களோடு ரயிலேறியதே ஊரில் பேச்சாக இருந்தது. என் காதுகுத்துக்கே மோட்டார் கொட்டகையிலிருந்து ஈரக்காலோடு வந்து உட்கார்ந்த மனிதர் அவர்.

வியாதியின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அம்மா முடிவு தெரிவதற்கு முன்பே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். கல்யாணப் புடவையை எனக்கென்று மடித்து வைத்தாள். அப்பாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவர் புளியைக் கரைத்துக்கொண்டே நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டியதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், கோபம் மூக்கு நுனியில். அழுகை வரவேண்டிய இடத்தில் எல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால், பெரிய டாக்டரம்மா சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்த மருந்து வாடையில் குமட்டியது. எங்காவது கோயிலில் போய் உட்காரலாம் என்றாள். உச்சி வெயிலில் எந்தக் கோயில் திறந்திருக்கும் என்று நான் வெடுக்கென்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு மெட்ராஸ் அம்மாள்தான் சொன்னாள்.

"பின்னாடி சந்துல ஒரு கோயிலு கீதும்மா. புத்தர் கோயிலு. மத்தியானத்துலகூட சாத்த மாட்டாங்க."

வழியில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் என்று ஒரு குறையும் இல்லாமல் தட்டு வாங்கிக்கொண்டோம்.

அதைக் கோயில் என்று நம்பவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபுரம் இல்லை. கொடிமரம் இல்லை. வாசலில் அரண்மனை மாதிரி வளைவு, அதன் மேல் ஏதோ வெளிதேசத்து மிருகங்கள். உள்ளே, சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்தது போல ஒரே வெள்ளைக் கூடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. உச்சியைச் சுற்றி வட்ட வட்டமாக ஜன்னல்கள். அவ்வளவு வெளிச்சத்தையும் கீழே கொட்டிக்கொண்டிருந்தன. எங்களுக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் இருட்டுக்குள், எண்ணெய்ப் பிசுக்கோடு, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். இவர் பட்டப்பகலில், கையால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலிலேயே தயங்கினாள்.

அப்பாதான் முதலில் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பினார்.

"ஏம்மே, இவரு நம்ம ஏரிக்கரைல ஒக்காந்துக்கினு இருக்கிறாரே, அவராட்டம் இல்ல?"

எங்கள் ஊர் ஏரிக்கரையில் காலை மடித்து உட்கார்ந்த கல்சிலை ஒன்று உண்டு. மூக்கு உடைந்தது. யார் என்று யாருக்கும் தெரியாது, முனி என்று சொல்லி மழை வேண்டி எண்ணெய் ஊற்றுவார்கள். அம்மா உற்றுப் பார்த்தாள்.

"ஆமாங்க. அவரேதான். இங்க மூக்கு நல்லா இருக்குது."

ஊர்க்காரரைப் பார்த்த தைரியத்தில் அம்மா தட்டோடு போய் முன்னால் நின்றாள். மொட்டைத் தலையும் காவித் துணியுமாக ஒரு பிக்கு வந்தார். அம்மா தட்டை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, சிலையின் முன்னால் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு நகர்ந்து போய்விட்டார். தேங்காய் உடையவில்லை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். எதற்கென்று எனக்குத் தெரியும். பேர், நட்சத்திரம் கேட்பார்கள் என்று நிற்கிறாள். அப்பா பேர், என் பேர், எங்கள் நட்சத்திரங்கள் எல்லாம் அவளுக்கு நுனி நாக்கில் இருக்கும். எத்தனை கோயிலில் கேட்டிருக்கிறேன். தன் பேரை மட்டும் அவள் ஒரு அர்ச்சனையிலும் சொன்னதில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளை அப்பா கூப்பிட்டார்.

"அர்ச்சனை பண்ண யாருங்க வருவாங்க?"

"இங்க அதெல்லாம் கெடையாதுங்க. உங்க மனசுல இருக்கிறத நீங்களே சொல்லிக்கினு போவலாம்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "பேரே கேக்கலன்னா யாருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீயே சொல்லும்மா. பக்கத்துலதான இருக்கிறாரு."

அம்மா இன்னும் ஓர் அடி முன்னால் போனாள். ஆளைக் கூப்பிட்டுப் பேசுவது போல, சத்தமாகவே பேச ஆரம்பித்தாள். தன் பேரைச் சொன்னாள். "திண்டிவனத்துல இருந்து வந்துக்கிறோம். நட்சத்திரம் இன்னான்னு எனக்குத் தெரியாது சாமி, எங்க ஊட்ல குறிச்சு வெக்கல. நடவு நட்டுக்கினு இருக்கும்போது பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்." நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத்தான் கேக்குறேன். அவருக்கில்ல, பொண்ணுக்கில்ல. எனக்கு இன்னும் இருக்கணும்னு ஆசையா இருக்குது."

அந்த வெள்ளைக் கூடம் கிணறு மாதிரி சத்தத்தைத் திருப்பித் தந்தது. அம்மா பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அம்மா தனக்கு வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டால்?

சாயங்காலம் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். அதையும் எடுத்தாச்சு. தைரியமா ஊருக்குப் போங்க."

அம்மா, "நெஜமாவா? நெஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் டாக்டரம்மாவுக்குப் பதிலாக, "சரிங்க, சரிங்க" என்று கும்பிட்டார். நான் அங்கேயே ஓவென்று அழுதேன். ஒரு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. வராண்டாவில் நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

ரயிலில் செங்கல்பட்டு தாண்டியதும் அம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நல்ல தூக்கம், வாய் லேசாகத் திறந்திருந்தது. எதிரில் இருந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து அவள் முழங்காலைத் தொட்டார்.

"இன்னாம்மே, தூங்கறியா?"

"ஆமா."

மதுராந்தகத்தில் மறுபடியும், "தூங்கறியா?"

"எங்க தூங்க உடறீங்க?"

மேல்மருவத்தூரில் அவர் கை நீண்டபோது அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நான் எங்கயும் போவல. நீங்களும் செத்த கண்ண மூடுங்க."

அப்பா கண்ணை மூடவில்லை. திண்டிவனம் வரைக்கும் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.