கால் சுற்று

தினமும் காலையில் தைக்க உட்காருவதற்கு முன் அவர் மேல்நூலைச் சுண்டிவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோகிறார். முகம் சுளிக்கிறது. தோல் தைக்கும் அந்தப் பழைய மிஷினில் நூலை இறுக்கும் ஸ்பிரிங் திருகை வலது பக்கம் கால் சுற்றுத் திருப்பி இறுக்குகிறார். ஒரு துண்டுத் தோலில் தைத்து, புரட்டி, அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பார்க்கிறார். முடிச்சு தோலுக்குள் பதுங்கிவிட்டது. "இப்ப வந்துச்சு பாரு வழிக்கு" என்கிறார். பை தைக்கும் அந்தப் பட்டறையில் அவருக்குக் 'கால் சுத்து' என்றே பேர்.

மிஷின் வழி தவறியதற்குக் காரணமும் அவரேதான். சாயங்காலம் எல்லாரும் கை கழுவப் போனதும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அப்புறம் யார் தைத்தாலும் அடியில் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒருமுறை முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. "ஸ்பிரிங்குக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா?" என்று சமாளித்தார். முதலாளி நெகிழ்ந்துபோனார்.

அவரில்லாமல் அந்த மிஷின் ஓடாது என்று பட்டறையே நம்பியது. போகப் போக அவரும் நம்ப ஆரம்பித்ததுதான் வேடிக்கை.

மகளுக்குப் பிரசவம் என்று லீவு கேட்கவேண்டி வந்தது. பசை மேசையில் தோல் ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணை மிஷினுக்கு மாற்றிய முதலாளி, "அந்தப் பொண்ணு நல்லா தச்சா அங்கேயே இருக்கட்டும். உங்களுக்கும் வயசாகுது, ஒட்டுற வேலைன்னா நோகாம இருக்கும்" என்றார் அன்பாக. இந்த அன்புக்குக் கால் சுற்று போதாது என்று அவருக்குப் பட்டது. கிளம்பும்போது திருகை இரண்டு முழுச் சுற்றுத் தளர்த்தினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போன் உள்ளங்கையை விட்டு இறங்கவில்லை. "உள்ள பொண்ணு துடிக்கிறா, நீங்க யாரு போனுக்குத் தவம் கிடக்கிறீங்க?" என்று மனைவி சீறினாள். பேரன் பிறந்தான். கையில் வாங்கியபோது கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் ஒரு காது பட்டறையிலேயே இருந்தது.

மறுநாள் போன் வந்தது. பசை மேசைப் பெண்தான்.

"என்னம்மா, நூல் தொங்குதா?" குரலில் ஆவல் வழிந்தது.

"அதெல்லாம் இல்லண்ணே. துண்டுத் தோல்ல தச்சுத் தச்சுப் பாத்து, திருகைத் திருப்பி, உக்காந்த அன்னிக்கே சரி பண்ணிட்டேன். பேரனாமே! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களான்னு கேக்கத்தான் போட்டேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டேதான் பேசினாள். அவள் குரலுக்குப் பின்னால் மிஷின் ஓடுவது கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சத்தம் சரியில்லையேம்மா. வலது பக்கம் கால் சுத்து திருப்பு." சும்மா இருந்த கையின் இரண்டு விரல்கள் காற்றில் திருகைப் பிடித்தன.

"சரிண்ணே, திருப்பிட்டேன்."

மிஷின் நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவள் கை தோலை விட்டு எழவே இல்லை என்பது அவருக்கா தெரியாது?

"ம்... இப்பதான் சரியா இருக்கு" என்றார். காற்றைப் பிடித்திருந்த விரல்களை மெல்லப் பிரித்தார்.