வீட்டுக் கூடைப் பூண்டு

சல்மாவின் வலது கட்டைவிரல் நகம் நட்டநடுவே பிளந்து இரண்டாக வளரும். ஒன்பது வருஷம் பூண்டு உரித்த விரல் அது. பூண்டுச் சாறும் கம்பெனியில் ஊற்றுகிற புளிப்பு மருந்தும் ஊறி ஊறி, பெருநாளைக்கு மருதாணி வைத்தால்கூட அந்த விரலில் மட்டும் சிவப்பு பிடிக்காது. வில்லியனூர்ப் பக்கம் அவள் குடியிருக்கிற பள்ளிவாசல் தெருவில் பெண்கள் கேலி செய்வார்கள். "இன்னாடி சல்மா, நீ வந்தாலே பிரியாணி வாசனை வருது, வூட்ல விருந்தா?" அவளும் சிரித்துவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். பூண்டு வாசனைக்கு வெட்கப்படுகிறவள் இல்லை. அந்தக் கை செய்துகொண்டிருந்த வேலைக்குத்தான் வெட்கப்பட்டாள்.

வேலை, கிருமாம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு தகரக் கொட்டகையில். காலையில் வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்தால் கொண்டுவந்து கொட்டும். 'இல்லமணம் இஞ்சி பூண்டு பேஸ்ட்' என்று பாட்டில் பாட்டிலாக அங்கிருந்துதான் போனது. லேபிளில் ஒரு பெண் அம்மியில் சிரித்தபடி அரைப்பாள். கொட்டகையில் அம்மியும் கிடையாது, சிரிக்கிற பெண்ணும் கிடையாது. முதலாளி நூருல் அமீன் அதே பள்ளிவாசல் தெருக்காரன்தான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, யாரைப் பார்த்தாலும் முதல் ஆளாக சலாம் சொல்கிற வாய்.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சல்மா சொல்லித்தான் கேட்க வேண்டும். முளைவிட்ட பூண்டு, கறுப்புப் பூத்த பூண்டு, மார்க்கெட்டில் மாட்டுக்குப் போட ஒதுக்கி வைத்த இஞ்சி. தோலை உரிக்க நேரமாகிறது என்று பாதி தோலோடு மெஷினில் போகும். கெட்டியாக இருக்க உருளைக்கிழங்குக் கூழும் மக்காச்சோள மாவும். நாற்றம் தெரியாமலிருக்கப் புளிப்பு மருந்து. கடைசியில் வெள்ளையாக்க ஒரு பவுடர், அதன் பெயர் எந்தப் பெண்ணுக்கும் சொல்லப்படவில்லை. முகத்தில் பட்டால் எரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சல்மாவின் வயிற்றை எரித்தது அந்தப் பவுடர் இல்லை, ஒரு கூடை. வாரா வாரம் வியாழக்கிழமை முதலாளியின் டிரைவர் தனியாக ஒரு பிரம்புக் கூடை கொண்டுவருவான். அதில் மலைப்பூண்டு, ஒவ்வொரு பல்லும் பால்வெள்ளையாக, பார்த்தாலே வாயில் போடலாம். "இது வூட்டுக் கூடை. சல்மா மட்டும் உரி. கையை நல்லா கழுவிட்டுத் தொடு" என்று முதலாளியே நின்று சொல்வான். ஊருக்கு ஒரு பூண்டு, வீட்டுக்கு ஒரு பூண்டு. இரண்டையும் உரித்தது ஒரே கை.

போன புயலில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியது. மூன்று நாள் மூட்டைகள் அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. வடிந்த பிறகு பிரித்தால், பூண்டு கூழாகி விரலில் ஒட்டியது, புழு நெளிந்தது. நூருல் அமீன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "வெயில்ல போட்டு அரைங்க. மருந்து ரெண்டு மடங்கு ஊத்துனா ஒண்ணும் தெரியாது" என்றான்.

"மொதலாளி, நோன்பு வருது. இதையா பள்ளிவாசல் கஞ்சிக்கும் அனுப்பப் போறீங்க?" என்று சல்மா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏனென்றால் நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளும் இலவசமாகப் பேஸ்ட் தருகிறவன் அவன்தான். அதற்காக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் அவன் பெயர் சொல்லித் துஆ கேட்பார்கள்.

"உனக்கு இன்னா அதப் பத்தி? புடிக்கலைன்னா நாளையிலேர்ந்து வேன்ல ஏறாத" என்றான். மறுநாள் அவள் ஏறவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து, சென்னையிலிருந்து ஒரு டிவிக்காரப் பெண் வந்தாள், யாமினி என்று பெயர். சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக விற்கிற பாட்டில் பாக்கெட் சாமான்களில் என்ன கலக்கிறார்கள் என்று வாரா வாரம் காட்டுகிற நிகழ்ச்சி. வேலையை விட்ட பெண்களைத் தேடிக்கொண்டு வந்தவளுக்கு ஒருத்தியும் கதவு திறக்கவில்லை, சல்மாதான் திறந்தாள். "உங்க மூஞ்சிய மறைச்சுடுவோம்க்கா, கொரலையும் மாத்திடுவோம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் யாமினி. சல்மா எல்லாவற்றையும் சொன்னாள். எப்படி உரிப்பது, எப்படிக் கலப்பது என்று கையால் செய்தும் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. கறிக்குழம்பு கொதிக்கிற நேரம், தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. சொன்னபடி முகத்தை மறைத்திருந்தார்கள், குரலையும் ஆண் குரலாக்கியிருந்தார்கள். கையை மறந்துவிட்டார்கள். பூண்டை எடுத்து நுனி கிள்ளுகிற கட்டைவிரல், நடுவே பிளந்த நகம், டிவி முழுக்க நிறைந்து நின்றது. பக்கத்து வீட்டு வசந்தா சுவர் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா, உங் கை டிவில வருது!" என்று கூவினாள்.

அவளைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் நூருல் அமீனைப் பக்காவாகக் காப்பாற்றியிருந்தார்கள். பாட்டில் லேபிளை மங்கலாக்கி, 'புதுச்சேரி அருகே ஒரு தனியார் நிறுவனம்' என்று முடித்துவிட்டார்கள். யாமினிக்கு போன் போட்டுக் கேட்டால், வக்கீல் பெயர் போட வேண்டாம் என்றாராம். சல்மாவுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

நூருல் அமீன் கெட்டிக்காரன். மறுநாளே பள்ளிவாசலுக்குப் போய், சாமான் திருடியதால் வேலையை விட்டு நிறுத்தின பொம்பளை வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கம்பெனி மானத்தை வாங்கிவிட்டாள் என்று முறையிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள், சோற்றையும் சேர்த்து மறைத்தான். பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கிற வழக்கம் இல்லை என்பதால், சல்மாவின் புருஷன் காஜா மொய்தீனைக் கூப்பிட்டார்கள். சைக்கிளில் துணி விற்கிற மனுஷன், யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். ஜமாத் தலைவர் ஹாஜியார் முன்னால் நின்று, "எம் பொண்டாட்டி தெரியாம பேசிட்டா, மன்னிச்சுடுங்க" என்று நூருல் அமீனின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "கேட்டுட்டேன் சல்மா. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

"நீங்க ஏன் கேட்டீங்க? நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்றாள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அன்றைக்குத்தான் அவளுக்குள் அது விழுந்தது. வேலை போனதை மறக்கலாம், திருடி என்றதைக்கூட அல்லாஹ்விடம் விட்டுவிடலாம். அந்த நல்ல மனுஷன் பொய்யனின் கையைப் பிடித்துக் கேட்ட மன்னிப்பை மட்டும் விட முடியாது. அது திரும்பி வந்தே ஆக வேண்டும். அதுவும் யார் முன்னால் போனதோ அவர்கள் முன்னால்.

கம்பெனி போனதும் அவளுக்குச் சோறு போட்டது அதே விரல்தான். கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்குகிற ஆசிக் பண்டாரியிடம் பூண்டு உரிக்கிற கூட்டத்தில் சேர்ந்தாள். இரண்டு பேர் உரிப்பதை அவள் ஒருத்தி உரிப்பாள். எட்டு மாதம் கழித்து ஒருநாள் பண்டாரி சிரித்துக்கொண்டே வந்தான். "நூருல் அமீன் மொவ ஃபைஜாவுக்குக் கல்யாணம்க்கா, ஆயிரம் பேர் சாப்பாடு. அந்த ஆளு இன்னா சொன்னாரு தெரியுமா? 'நம்ம பாட்டில் ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது. மலைப்பூண்டு நானே எறக்கித் தர்றேன்'ங்கறாரு. அவரு பேஸ்ட்ட அவரே தொட மாட்டாராம்!"

பண்டாரிக்கு அது வேடிக்கை. சல்மாவுக்கு அப்படி இல்லை. வீட்டுக் கூடை, இந்தத் தடவை நாற்பது கிலோவாக, அவள் கைக்கே திரும்பி வருகிறது. "நானும் வரேன் தம்பி" என்றாள்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் தட்டிப் பந்தலில் மற்ற பெண்களோடு விடியும்போதே உட்கார்ந்து உரித்தாள். கிரைண்டரில் அவளே போட்டு அவளே வழித்தாள். ஒரு சொத்தைப் பல் உள்ளே போகவில்லை. கல்யாணப் பெண் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை, சாப்பிட வருகிற சனத்தின் மேலும் இல்லை. ஒன்பது வருஷம் செய்த பாவத்துக்கு அந்த ஒரு நாளாவது கை சுத்தமாக இருக்கட்டும் என்று உரித்தாள். அவள் பைக்குள் ஒரே ஒரு பொருள் இருந்தது. காயலான் கடையில் பொறுக்கிய காலி 'இல்லமணம்' பாட்டில்.

நூருல் அமீன் குடும்பம் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தது. அதனால் அவர்கள் வீட்டு விசேஷத்தில் இலை கிடையாது, சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோறு, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைக்க வேண்டும். நாலு பேரும் முடிக்காமல் ஒருவர் எழுந்தால் மற்ற மூன்று பேருக்கும் அவமரியாதை. பெண்ணின் தகப்பன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான். நூருல் அமீன் உட்கார்ந்த சஹனில் ஹாஜியார் இருந்தார். அந்த வட்டாரத்தில் நாலு சூப்பர் மார்க்கெட் நடத்துகிற வைத்தியலிங்கம் இருந்தார். இல்லமணத்தில் பாதி அவர் கடைகளில்தான் விற்றது. நாலாவது ஆள் இல்லமணத்தின் கடலூர் ஏஜென்ட் பிரிட்டோ.

மூன்று பேர் ஏற்கெனவே நாலைந்து வாய் சாப்பிட்டிருந்தார்கள். நூருல் அமீன் விருந்தாளிகளுக்குக் கறி தள்ளி வைத்துவிட்டு, அப்போதுதான் முதல் பிடியை எடுத்தான். பெண்கள் போகாத பக்கம் அது. சல்மா தயிர் வெங்காயக் கிண்ணத்தோடு நேராக நடந்து போய் சஹன் ஓரத்தில் வைத்தாள். பக்கத்திலேயே காலி பாட்டிலையும் வைத்தாள்.

"மொதலாளி, பூண்டு பத்தல. அதான் நம்ம பேஸ்ட்டே பதினாறு பாட்டில் போட்டுட்டேன்."

அவன் மட்டும் அப்போது 'அதுக்கென்ன, நம்ம சரக்குதானே' என்று அந்த ஒரு பிடியை விழுங்கியிருந்தால், சல்மாவின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஊரில் அவள் பொய்காரியாகவே செத்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்பது வருஷம் வீட்டுக் கூடை உரித்தவள் அவள். அவனை அவன் பெண்டாட்டியைவிட நன்றாகத் தெரியும்.

நூருல் அமீன் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினான். "அடிப்பாவி! அந்தக் கருமத்தையா போட்ட? எம் புள்ள கல்யாணத்துல, மனுஷன் தின்றதுலயா போடுவ அத? டேய் ஆசிக்! யார்டா இவள உள்ள வுட்டது?"

தவளை தன் வாயால் கெட்டது. கத்தி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. பந்தி முழுக்கக் கை நின்றுவிட்டது.

வைத்தியலிங்கம் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கேட்டார். "எந்தக் கருமம் பாய்? எங் கடைல விக்கிற கருமமா?"

ஹாஜியார் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளும் அனுப்புனியே, நூரு. இதுதானா அது?"

பண்டாரி கரண்டியோடு ஓடிவந்து உயிர் போன மாதிரி நின்றான். சல்மா முதலில் அவனைத்தான் பார்த்தாள். "பயப்படாத தம்பி. ஒரு பாட்டிலும் போடல." பிறகு சஹனைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் சாப்புடுங்க. நாப்பது கிலோவும் மலைப்பூண்டு, நான் உரிச்சது, நான் அரைச்சது. வேணும்னா கைய மோந்து பாருங்க. வூட்டுக் கூடைதான் மொதலாளி, ஊருக் கூடை இல்ல."

பிளந்த நகத்தோடு கட்டைவிரலை நீட்டினாள். டிவியில் பார்த்த அதே விரல்.

நூருல் அமீன் எழப் பார்த்தான். ஹாஜியார் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "சஹன் முடியல" என்றார்.

"எம் புருஷன் உங்க முன்னால இவருகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டாரு ஹாஜியார். செய்யாத தப்புக்கு. அத வாங்கிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றாள் சல்மா. தூரத்தில் தூணோரம், பண்டாரிக்குத் தண்ணீர் தூக்க வந்திருந்த காஜா மொய்தீன் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"கேளு நூரு" என்றார் ஹாஜியார்.

நூருல் அமீன் தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"கேக்கல மொதலாளி. அவரு அங்க நிக்கிறாரு. அவருக்குக் கேக்கணும்."

இரண்டாம் தடவை சத்தமாகவே சொன்னான். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை வரைக்கும் கேட்டது. சொல்லிவிட்டு, மூன்று பேரும் வழித்துத் தின்று முடிக்கிற வரைக்கும், தன் வீட்டுப் பூண்டில் ஆன பிரியாணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். கை கழுவப் போகிற வழியிலேயே வைத்தியலிங்கம் கடைக்குப் போன் போட்டு, அந்தப் பாட்டிலையெல்லாம் அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

கொட்டகை இப்போது பூட்டிக் கிடக்கிறது. சல்மா பண்டாரியோடுதான் போகிறாள், கல்யாண சீசனில் மூச்சுவிட நேரமில்லை. அந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேட்டுட்டானே, மன்னிச்சுட்டியா சல்மா?

அவள் பூண்டிலிருந்து கண் எடுக்க மாட்டாள்.

"அவன் கேட்டான். நான் எங்க குடுத்தேன்?"