இரண்டு போத்தல், ஒரே வயிறு

எங்கள் ஊர் பாடாங் செராயில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு, குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கிளினிக்கில் ஒரு சின்னப் போத்தல் கொடுக்கிறார்கள். மூடியோடு ஒரு குச்சி இருக்கும். அதை மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி, திரும்பப் போத்தலில் சொருகிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒன்று வாங்கி வந்தோம். இதெல்லாம் மனுஷன் செய்யற வேலையா என்று தன்னுடையதைப் பிரிட்ஜ் மேல் வைத்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார், போனை எடுக்கமாட்டார். போத்தல் எங்கே, போத்தல் எங்கே என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி என்னைத்தான் பிடுங்கி எடுத்தாள். நானோ பள்ளிக்கூடக் கேன்டீனில் விடியுமுன்னே அடுப்பு மூட்டுகிறவள். அவளுக்கும் பதில் சொல்லி, இந்த மனுஷனோடும் மல்லுக்கட்ட எனக்கு எங்கே தெம்பு? ஒரு நாள் காலை என்னுடையதையே இரண்டு போத்தலிலும் எடுத்து, ஒன்றில் அவர் பேரும் ஒன்றில் என் பேருமாக ஒட்டிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கக்கூசில் தண்ணீர் ஊற்ற மறந்த அன்று உங்களுடையதை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் ஒரு பொய்யும் சொல்லிவைத்தேன். விட்டது சனியன் என்றிருந்தது.

முடிவு வந்தது. என் பேருக்கு நெகட்டிவ். அவர் பேருக்கு பாசிட்டிவ்.

இரண்டும் என் வயிற்றிலிருந்து வந்ததுதானே? ஒரே ஆளுக்கு இப்படி மாறி மாறி வருமா என்று மிஸ்ஸியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். வரும் அக்கா என்றாள். கசிகிற ரத்தம் கண்ணுக்குத் தெரியாதாம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலந்தும் இருக்காதாம். குச்சி பட்ட இடத்தில் இருந்தால்தான் காட்டுமாம். பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் இல்லை, மூலமாகவும் இருக்கலாம், ஆனால் ஒரு தடவை வந்தாலும் வந்ததுதான், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்காமல் விடக்கூடாது என்றாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். என் பேர் போட்ட காகிதத்தில் நெகட்டிவ் என்றுதானே இருக்கிறது என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் உண்டு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பயத்தில் மனுஷன் மாறிப்போனார். பியரை விட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் பூசைக்குக் கிளம்பி நின்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பிட்ட தட்டைக் கழுவினார். நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன் என்றார். நானும் வெட்கமில்லாமல் போய்ப் படுத்தேன். அவ்வளவு அலுப்பு எனக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்க அவருக்குத் தேதி கொடுத்தார்கள். முந்தின நாள் மத்தியானம், குடலைக் கழுவுகிற மருந்தை ஜக்கில் கரைத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இங்க தனியா கெடக்காதே லா. மக வீட்டுக்குப் போயிடு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அதக் குடிக்காதீங்க. அது உங்களுது இல்ல. ரெண்டு போத்தலும் என்னுது."

அவருக்கு விளங்கவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து "அப்பாடா" என்றார்.

மறு நொடியே அவருக்கு உறைத்துவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அப்ப உனக்கா என்று கேட்டார். கிளினிக் மூடுவதற்குள் போய்ச் சொல்லிவிடலாம் என்று அப்போதே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மிஸ்ஸி திட்டிய திட்டையெல்லாம் எனக்காக அவரே வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அப்பாடாவுக்காக அவர்மேல் கோபமில்லை. அது உன்னுது இல்லை என்று யாராவது வந்து சொன்னால் நானும் அதையேதான் சொல்வேன். வந்து சொல்லத்தான் யாருமில்லை.