விரதத்தின் முப்பத்தோராம் நாள்

புதுக் கறுப்பு வேட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்தால் சாயம் கரைந்து ஒரு வாசனை வரும். மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்தது போன்ற அந்த வாசனையோடுதான் எனக்குப் பதினாறு வயதான ஆண்டின் கார்த்திகை மாதம் நினைவுக்கு வருகிறது. தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில், கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகங்களுக்குப் பின்னால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டது போல் நிற்கும் வீடுகளில் ஒன்றின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். விடிகாலைப் பனியில், தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க நான் சரணம் சொல்லும் சத்தம் கேட்டுத்தான் கீழ்வீட்டுக்காரர்கள் எழுந்தார்கள்.

அந்த மாலையை நான் எனக்காகப் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா எத்திராஜுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் கோயிலிலிருந்து வந்த அம்மா, "என் புள்ள நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்து மலைக்கு வருவான், இவர எழுப்பி வுட்டுடுன்னு வேண்டிகினு வந்துட்டேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். எங்கள் தெருவில் எலெக்ட்ரிஷியனாக இருந்த பெருமாள் குருசாமி, கார்த்திகை முதல் நாளில் துளசி மணி மாலையை என் கழுத்தில் போட்டார். அன்றோடு முரளி என்ற என் பெயர் போயிற்று. மாலை போட்டவனை "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதால், கட்டிலில் படுத்திருந்த அப்பாவும்கூட "சாமி, காலேஜுக்கு நேரமாச்சு" என்பார். அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போய்வந்த அம்மா, நான் சாப்பிட்டு எழுந்த பிறகே தன் தட்டை எடுத்தாள்.

முதல் எட்டு நாட்கள் நான் நிஜமாகவே விரதம் இருந்தேன். ஒன்பதாம் நாளிலிருந்து போன் என்னை இழுத்தது. ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று வாங்கிக் கொடுத்த போன் அது. நான் படித்த பி.யூ.சி. முதல் வருடத்தில், அதாவது பதினோராம் வகுப்பில், எங்கள் வகுப்புப் பையன்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் வருபவற்றை மாலை போட்டவன் பார்க்கக் கூடாது, மாலை போடாதவனும் பார்க்காமலிருப்பது நல்லது. பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து விளக்கேற்றினேன். பஜனையில் உட்கார்ந்து சரணம் சொல்லும்போதே இடுப்பில் செருகிய போன் அதிர்ந்தால், கண்ணை மூடியபடி, யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசிப்பேன். குருசாமி எதிரே உட்கார்ந்து என் பக்தியைப் பார்த்து மகிழ்ந்துபோவார்.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னோடு படித்த நவீனுக்குப் பிறந்தநாள், வீடு அடுகோடிப் பகுதியில், பெற்றோர் ஒரு கல்யாணத்துக்குத் தும்கூர் போயிருந்தார்கள். "பாரோ, வாடா மச்சா, கேக் மட்டும் தின்னுட்டுப் போ" என்றான். கேக் மட்டும் என்று நான் நம்பவில்லை. நம்பாமல்தான் போனேன். போகும் வழியில் ஓசூர் ரோட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, மாலையைக் கழற்றி, பைக்குள் இருந்த கால்குலேட்டர் உறையில் வைத்து மூடினேன். அதைச் செய்யும்போது கை நடுங்கியதாக இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நடுங்கவில்லை. பேருந்து வந்துவிடுமே என்ற அவசரம்தான் இருந்தது.

அங்கே ஏழு பேர் இருந்தோம். பிரியாணி, பீர், பெரிய டிவியில் சத்தமாகப் பாட்டு. முதல் மடக்கைக் குடிக்கும் முன் நான் தயங்கியதைப் பார்த்த நவீன், "ஏனாகல்ல பிடோ" என்றான். கன்னடத்தில், ஒன்றும் ஆகாது, விடு என்று பொருள். அவன் சொன்னது போலவே ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மத்தியானம் நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசனையும் வீட்டின் முனகலும் இல்லாத மூன்று மணி நேரம். நான் நிறையச் சிரித்தேன்.

சாயங்காலம் வாயைப் பலமுறை கொப்பளித்து, மாலையைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அதற்கு மேல் குடித்தால் உடம்பு வீங்கி மூச்சு முட்டும் என்று டாக்டர் கண்டித்திருந்தார். நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாகத்தோடுதான் அவர் பகலெல்லாம் கிடப்பார்.

"வந்துட்டியா சாமி?" என்றார். பிறகு அலமாரி மேலிருந்த சொம்பைக் கண்ணால் காட்டி, "அம்மா அங்க வச்சிட்டுப் போயிட்டா. எழுந்தா கைக்கு எட்டும். காலைலேர்ந்து வூட்ல யாரும் இல்ல, எடுத்துக் குடிச்சாலும் கேக்க ஆள் இல்ல. ஆனா எடுக்கல சாமி" என்றார். சின்னப் பையன் மதிப்பெண் சொல்வதுபோல் அதில் ஒரு பெருமை இருந்தது.

நான் உள்ளே போய் விளக்கேற்றினேன். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எப்படிப் போயிற்று என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தினமும் குளித்தேன், பஜனைக்குப் போனேன், எல்லாரும் "சாமி" என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தேன். குரூப்பிலிருந்து வெளியேறினேன். அதனால் பாரம் குறையவில்லை.

இருமுடி கட்டும் நாளில் அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் கூட்டம். கண்ணைத் துளைத்த தேங்காயில் நெய் ஊற்ற அப்பாவையே ஆட்டோவில் கூட்டிவரும்படி குருசாமி சொல்லியிருந்தார். அவரால் வர முடியவில்லை. அம்மா தனியாக வந்து, ஈரத்தலையோடு, முடிப்பையில் போட வேண்டிய அரிசியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குருசாமி, நான் மலைக்கு வரல" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "விரதத்தக் கெடுத்துட்டேன். மாலையக் கழட்டி வச்சிட்டுக் குடிச்சேன். கறி தின்னேன்."

சரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். குருசாமி கோபப்படவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய், "வயசுப் பையன், நடக்கறதுதான். மனசார மன்னிப்புக் கேட்டுக்கோ. மறுபடி குளிச்சிட்டு வா, கட்டிடலாம். உங்கம்மா மூஞ்சியப் பாரு" என்றார். எனக்காக அவர் திறந்துவைத்த வாசல் அது. நுழைந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் எந்த வலியும் இருந்திருக்காது. ஆனால் அம்மா சாமியிடம் கொடுத்த வாக்கில் நாற்பத்தெட்டு நாள் என்று இருந்தது. போனில் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டாலும் நான் இருந்தது முப்பதுதான். அந்தத் தேங்காயைத் தலையில் வைத்துப் படியேறினால், அப்பாவின் உயிரைக் கேட்டு நான் பொய்க்கணக்கு காட்டுகிறேன் என்றாகிவிடும். "ஐயப்பன்கிட்ட பொய் சொல்ல பயமா இருக்கு குருசாமி" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்துக்குப் போட்டார்.

அம்மா அரிசியைத் திரும்பத் தட்டிலேயே கொட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கட்டிலருகில் உட்காரச் சொன்னார்.

"நீ சொல்ற வரைக்கும் இங்க யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாதுப்பா."

"அப்புறம் ஏன்டா சொன்ன?"

அந்த "டா" என் காதில் விழுந்தது. "சாமிக்குத் தெரியும்ல" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டிக்கொடுப்பார் என்றும் ஒரு மூலையில் ஆசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லடா. இது தேறாதுன்னு எங்கிட்ட டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. உங்கம்மா இந்த வேண்டுதலப் புடிச்சிகினுதான் நின்னுகினு இருந்தா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மாசி மாதம் அவர் இறந்தார். பால் தெளித்த மூன்றாம் நாள், உறவினர்கள் நடுவில், அம்மா என்னைப் பார்த்து, "நீ மட்டும் மலை ஏறியிருந்தா..." என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் போல, சோறு இருக்கிறது, கதவைச் சாத்து என்பதற்கு மேல் என்னோடு பேசவும் இல்லை.

அந்தப் பாதி வாக்கியத்தோடுதான் நான் வளர்ந்தேன். நோயின் கணக்கு எனக்குத் தெரியாததில்லை. நான் விரதத்தைக் காத்திருந்தாலும் அவர் அந்த மாசியைத் தாண்டியிருக்க மாட்டார் என்று பிறகு டாக்டரே சொன்னார். தெரிந்து என்ன? சாமிதான் முதலில் என்று சொல்வது எளிது. நான் சாமியை முதலில் வைத்தது அந்தக் கொட்டகையில் சில நிமிடம்தான், அதற்குள் அம்மாவின் கையிலிருந்த ஒரே பிடி போய்விட்டது. செய்தது சரி என்று நினைக்கும் நாட்கள் உண்டு. கேக் தின்ன வா என்று கூப்பிட்ட அன்றே வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் உதட்டைத் துடைத்திருந்தால் சரியா தவறா என்ற கேள்வியே வந்திருக்காதே என்று நினைக்கும் நாட்கள்தான் அதிகம்.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் வெளியூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கான ஆறு மாடி பி.ஜி. விடுதி நிற்கிறது. குருசாமி கண் மங்கி, ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நவீன் எங்கே என்று தெரியவில்லை. விடிகாலையில் சரணம் சொல்லிக் குளிக்கும் சத்தம் எங்கள் தெருவில் கேட்டுப் பல வருடமாயிற்று.

போன கார்த்திகையில், வயது ஐம்பத்து மூன்று ஆன அம்மா, என்னிடம் சொல்லாமல் தானே மாலை போட்டுக்கொண்டாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு வேன் நிறைய முன்பின் தெரியாத பெண்களோடு போய், நான்காம் நாள் வீங்கிய கால்களோடு திரும்பி வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"நல்லா பாத்தியாம்மா?"

"எங்க? ஒரு நிமிஷம் நிக்க வுடல. உங்கப்பாவுக்குப் பால் தெளிச்ச அன்னிக்கு உன்ன ஒரு வார்த்த சொன்னேனே, அது தப்புன்னு ஐயப்பன்கிட்ட சொல்லணும்னுதான் அவ்ளோ தூரம் போனேன். வாயத் தெறக்கறதுக்குள்ள தள்ளி வுட்டுட்டாங்க."

அதை என்னிடம் சொல்லிவிட்டதாகவே அவள் நினைக்கவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்ல முடியாமல் வந்துவிட்டோமே என்ற வருத்தத்தில் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய், அவள் கால்களுக்கு வெந்நீர் வைத்தேன்.