ரேடியோவின் தாடைக்குள் ஒரு சத்தம்

பள்ளிக்கூட நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பொட்டலம் மடித்த பழைய தாள் என்று எழுத்தாக எது கண்ணில் பட்டாலும் உரக்கப் படித்துவிடுவாள். அதனால் தோழிகள் அவளை ‘ரேடியோ’ என்று கூப்பிட்டார்கள். வளர்ந்த பிறகு அந்தப் பழக்கமே பிழைப்பாகவும் ஆனது. பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்றில் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. நாவலோ கணக்குப் பாடமோ, அவள் வாசித்தால் கேட்பவருக்குக் கொட்டாவி வராது. நாற்பதைத் தாண்டியும் குரலில் ஒரு கீறல் விழவில்லை.

ஒரு நாள் நூலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் பார்வையில்லாத ஒரு வக்கீல். அவருக்காகத்தான் அவள் அப்போது தடிமனான ஒரு சட்டப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். முடிந்த அத்தியாயங்கள் அவ்வப்போது அவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

“வாசிப்பு பிரமாதம்மா. ஒரே ஒரு சந்தேகம். நீங்க படிக்கும்போது பக்கத்துல உக்காந்து விரலைச் சொடுக்கறது யாரு?”

“பக்கத்துல யாருமே இல்லையே சார். அறைக்குள்ள நான் மட்டும்தான்.”

“அப்போ அந்த ஆளுக்கு உங்க குரல்மேல ரொம்ப மரியாதை. நீங்க நிறுத்தினா அவரும் நிறுத்திடறார்.”

ரேடியோ நேராக ஒலிப்பதிவாளனிடம் போய் நின்றாள். அவளைவிட வயதில் சிறியவன். நடப்பதே தெரியாது, ஆனால் அடுத்த மாடியில் குழாய் சொட்டினாலும் அவனுக்குக் கேட்டுவிடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் ‘பூனை’. தன் காதுக்குத் தப்பிய சத்தத்தை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார் என்றதும் பூனைக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நாற்காலியாத்தான் இருக்கும்க்கா” என்று நாற்காலியை மாற்றினான். சத்தம் போகவில்லை. வளையலைக் கழற்றச் சொன்னான், மைக்கின் வயரை மாற்றினான். அவளைச் சும்மா உட்காரவைத்துப் பதிவு செய்தால் அறை மௌனமாக இருந்தது. வாசிக்கத் தொடங்கியதும் ‘டக்’. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டவன், திடீரென்று கையை உயர்த்தினான்.

“அக்கா, ‘ஆகவே’ன்னு சொல்லுங்க.”

“ஆகவே.”

டக்.

“இப்போ ‘இதுவே’ன்னு சொல்லுங்க.”

ஒன்றுமில்லை. வாய் அகலத் திறக்கும் சொற்களில் மட்டும் சத்தம் வந்தது. ரேடியோ இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மேடேறிக் குதித்தது. சத்தம் போட்ட ஆள் அவள் தலைக்குள்தான் உட்கார்ந்திருந்தான்.

வலி இல்லாததால் அவளுக்குப் பயம் வரவில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் கணவரின் காதைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். அவர் பஸ் டிரைவர். இன்ஜினில் வரும் எந்தச் சத்தத்துக்கும் காரணம் சொல்லக்கூடியவர்.

“ஏங்க, கேக்குதா?”

“நீ வாயைத் திறந்தா சத்தம் வரும்னு கல்யாணமான அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றவர், இன்னொரு தரம் கேட்டுவிட்டு முகம் மாறினார். “இது தேய்மானம் மாதிரி இருக்கு. ஒரு டாக்டரைப் பாரேன்.”

பார்க்கலாம் பார்க்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். மகளையும் பக்கத்து வீட்டுக்காரியையும் வாயைத் திறக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு திரிந்தாளே தவிர, டாக்டரிடம் போகவில்லை.

ஒரு காலையில் பல் தேய்க்கப் போனால் பிரஷ் கடைவாய் வரை எட்டவில்லை. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்தது. கதவுக்குப் பின்னால் யாரோ கட்டிலை நகர்த்தி வைத்த மாதிரி ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கூடவே காதை ஒட்டிச் சுருக்கென்று ஒரு வலி. கஞ்சியைக் குடித்துவிட்டு நூலகத்துக்குப் போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். வந்தது வேறு யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல். பூனை பதிவை நிறுத்தினான். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த வாயை நம்பித்தானே இத்தனை வருஷமும்!

தாடை டாக்டர் ஒரு பெண். சாவகாசமாகப் பேசக்கூடியவர். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்துவிட்டு விஷயத்தை விளக்கினார்: தாடை எலும்பு மண்டை ஓட்டோடு சேரும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு உண்டு, அது நழுவி மறுபடி இடத்துக்கு வரும்போதுதான் ‘டக்’, இப்போது நழுவியது திரும்பாமல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது போலிருக்கிறது.

“சரி, கழுத்து வலி உண்டா?”

ரேடியோ விழித்தாள். “நான் வாய்க்குத்தானே வந்திருக்கேன் டாக்டர்?”

டாக்டர் சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்த ஒரு பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, வழக்கமாக எப்படிப் படிப்பாளோ அப்படிப் பிடிக்கச் சொன்னார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். கழுத்து முன்னால் நீண்டு, மோவாய் துருத்திக்கொண்டு நின்றது.

“இப்படியே இருந்து பல்லை லேசாச் சேருங்க. எந்தப் பல்லு முதல்ல படுது?”

“முன்பல்லு.”

“இப்போ கூரையைப் பாத்துக்கிட்டுச் சேருங்க.”

ரேடியோ அண்ணாந்து பார்த்தாள். முதலில் பட்டது கடைவாய்ப் பல். மறுபடி குனிந்தாள், மறுபடி அண்ணாந்தாள். இத்தனை காலமாகக் கழுத்துக்குமேல் இருக்கும் தலை அசையும்போதெல்லாம் தாடையும் இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது, தனக்குத் தெரியவே தெரியாது!

“அப்போ எல்லாத்துக்கும் கழுத்துதான் காரணமா?”

“அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. தொடர்பு இருக்குன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. பெருசா ஒண்ணும் இல்லைன்னு சிலது சொல்லுது. இருக்கலாம்.” சற்று நிறுத்திவிட்டு, “பல்லைக் கடிப்பீங்களா?” என்று கேட்டார்.

கூட வந்திருந்த கணவர் முந்திக்கொண்டார். “தூங்கும்போது கல்லு அரைக்கற மாதிரி கடிப்பா டாக்டர்.”

வெந்நீர் ஒத்தடம், மெல்ல வேண்டாத சாப்பாடு, தாடைக்கும் கழுத்துக்கும் மெதுவான பயிற்சி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக் கூடாது என்பதை மட்டும் நாள் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

‘இருக்கலாம்’ என்ற அந்த ஒரு சொல் ரேடியோவைச் சும்மா இருக்க விடவில்லை. வாசிக்க முடியாத அந்த நாட்களில் பூனையோடு உட்கார்ந்து தன் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். சத்தம் எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போனார்கள். கடைசியில் பூனை துள்ளி எழுந்தான்.

“இந்தப் பயணக் கதையில சத்தம் இருக்கு. இதுக்கு முந்தினதுல இல்ல. நடுவுல என்னக்கா நடந்தது? புத்தகத்தை விட்டுட்டு டேப்லெட் திரையில படிக்க ஆரம்பிச்சோம்!”

உண்மைதான். முன்பு சாய்வுப் பலகையில் காகிதத்தை வைத்து நேராகப் பார்த்துப் படிப்பாள். தாள் புரட்டும் ஓசை வேண்டாம் என்று டேப்லெட்டுக்கு மாறியபோது, அதை மேஜையில் படுக்கப்போட்டு, தலையைக் கவிழ்த்துப் படிக்கத் தொடங்கினாள். பூனை கேஸ் முடிந்த போலீஸ்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். ரேடியோ மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

“அவசரப்படாத தம்பி. எங்கம்மா விழுந்து இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்ததும் அப்பத்தான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பாத்த காலம் அது. நிஜமாவே கடிச்சிருப்பேன்.”

“அப்போ எது காரணம்?”

“அதத்தான் பாக்கணும்.”

தாடை ஒரே நாளில் இளகிவிடவில்லை. ஒத்தடமும் பயிற்சியுமாக வாரங்கள் போயின. மேஜைமேல் இருந்த டேப்லெட் கண் மட்டத்துக்கு உயர்ந்தது. பாட்டுக்காரர்கள் தாள் வைக்கும் தாங்கி ஒன்றைப் பூனை எங்கிருந்தோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மகள் அவளைக் கடந்துபோகும்போதெல்லாம் “அம்மா, பல்லு!” என்று குரல் கொடுத்தாள். ஒரு மதியம், டாக்டர் கணக்குச் சொல்லியிருந்த மூன்று விரலும் வாய்க்குள் நுழைந்தன. ரேடியோ அந்தக் கோலத்திலேயே கணவருக்குப் போன் போட்டு, என்ன பேசுகிறாள் என்று அவருக்குப் புரியாமல் அடித்தாள்.

சட்டப் புத்தகம் மறுபடி நகர்ந்து, நல்லபடியாக முடிந்தது. சத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் சில நாள், எந்த அழைப்பும் இல்லாமல் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.

அதனால் வேலை முடிந்ததும் அவளும் பூனையும் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரே பக்கத்தைத் தாங்கியில் வைத்து ஒரு முறை, மேஜையில் படுக்கவைத்துக் குனிந்து ஒரு முறை வாசிப்பாள். பூனை இரண்டையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பான். முதல் நாள் குனிந்து படித்ததில் சத்தம் பளிச்சென்று விழுந்தது. மறுநாள் இரண்டிலும் இல்லை. அதற்கடுத்த நாள் நிமிர்ந்து படித்ததில் விழுந்தது. அன்று வீட்டில் மகளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“இதுல என்னக்கா புரியுது? ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே” என்று பூனை அலுத்துக்கொண்டான்.

“ஒண்ணும் நிக்கலைங்கறதே ஒரு விஷயம்தானே!”

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அந்தப் பதிவுகளையும் ஹெட்போனையும் கையோடு எடுத்துப் போனாள். டாக்டர் இத்தனை வருஷத்தில் விரலால் தொட்டு உணர்ந்த சத்தம். ஸ்டூடியோ மைக்கில் பிடித்து அவர் கேட்டதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டவர் புருவத்தை உயர்த்தினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது குனிஞ்சு படிச்சதா, நிமிர்ந்து படிச்சதா?”

“நீங்களே சொல்லுங்க டாக்டர்” என்றாள் ரேடியோ.

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பதாக நர்ஸ் வந்து எட்டிப்பார்த்தாள். அவளைப் பார்த்து ஒரு நிமிஷம் என்பதுபோல் விரலைக் காட்டிவிட்டு, “இன்னொரு தரம் போடுங்க” என்றார்.