எனக்குத் தெரிந்த பெரியவர்

எண்பதுகளின் நடுவில் மண்ணூர்பேட்டையில் ஒரு மைக்செட் கடையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்காது.

ஒரு மாலை திருமுல்லைவாயிலில் கூட்டம். பேச வந்தவர் முன்பு மந்திரியாக இருந்தவர். கட்சியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். ஷிப்ட் முடிந்த முப்பது பேர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நாற்காலியில் நல்லவன் உட்கார்ந்தால் போதாது, நல்லவனையும் கட்டிவைக்கச் சட்டம் வேண்டும் என்றார். காவல் நிலையத்திலிருந்து ஒருவன் தெரிந்தவர் பெயரைச் சொல்லி வெளியே வந்தால் அது சுதந்திரமல்ல, தயவு. இன்று காட்டிய தயவை நாளை நிறுத்திவிடலாம் என்றார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். கம்பெனிகளில் செம்புக் கம்பி திருட்டுப்போய்க்கொண்டிருந்த சமயம். என்னிடம் பில் இல்லை, முதலாளி வெளியூரில். காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பெயிண்ட் கறைச் சட்டையோடு ஒருவன். நேற்றிலிருந்து இருக்கிறானாம், எதற்கென்று யாரும் சொல்லவில்லையாம். உள்ளே யாரோ அடிவாங்கும் சத்தம் கேட்டது. வேறோர் ஊரில் நானும் வாங்கியிருக்கிறேன். இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்காது.

மதியம் எஸ்.ஐ. வந்தார். "இங்க உன்னத் தெரிஞ்சவன் யாராவது இருக்கானா?"

நேற்றுக் கூட்டத்தில் பேசிய பெரியவர் பெயரைச் சொன்னேன். அவரை நன்றாகத் தெரியும் என்றேன். மைக்கின் உயரத்தைச் சரிசெய்தபோது ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா" என்று எஸ்.ஐ. ஒயரைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

அவர் உள்ளே போனதும் எழுந்தேன். பெயிண்ட்காரன் என் லுங்கியைப் பிடித்தான்.

"அண்ணாத்தே, அந்தப் பெரியவர் பேரு இன்னா சொன்னே? எனுக்கும் சொல்லிட்டுப் போ."

குனிந்து சொன்னேன். அவன் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஒரே பெயரை ஒரே நாளில் இரண்டு பேர் சொன்னால் எஸ்.ஐ.க்குச் சந்தேகம் வரும், என்னையும் பிடித்துவருவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ கைதட்டிக் கூப்பிடுவதுபோலவே இருந்தது.